ராக்கி படத்தில் ஊரும் புள்ளிகள்: டிஸ்க்கில் குறையா, புதுப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: எங்களிடம் ராக்கி குத்துச்சண்டைப் படத்தொடரின் பழைய ப்ளூ-ரே பெட்டி இருக்கிறது (2009இல் வந்த அன்டிஸ்பியூட்டட் கலெக்‌ஷன்). அண்மையில் 55 அங்குல 4கே டிவியும் டிஸ்க் போடும் பிஎஸ்5ம் வாங்கினோம். முதல் படத்தைப் போட்டால் மணல் தூவியதுபோலத் திரை முழுக்கப் புள்ளிகள் ஊர்கின்றன. நான்காம் பாகம் பரவாயில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா? 4கே பெட்டி வாங்கினால் சரியாகுமா? படம் உருவான விதம் பற்றிய கூடுதல் காட்சிகளும் எங்களுக்கு வேண்டும்.

பதில்: டிஸ்க் கெடவில்லை. கெட்டுப்போன டிஸ்க் என்றால் படம் நிற்கும், தாவும், கட்டங்கட்டமாக உடையும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஃபிலிமின் கிரெய்ன்தான், அதாவது ஃபிலிமிலேயே இருக்கும் பொடித் துகள்.

1976இல் வெளியான முதல் படத்தைச் சுமார் 10 லட்சம் டாலரில், 28 நாளில் எடுத்து முடித்தார்கள். பிலடெல்பியாவின் குளிர்காலத் தெரு, விடியற்காலை, இருண்ட அறை, இறைச்சிக் கிடங்கு என்று பாதிப் படம் வெளிச்சம் குறைந்த இடங்களில்தான் நடக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் கிரேபிடம் பெரிய விளக்குப் படை இல்லை. வெளிச்சம் குறையக் குறைய ஃபிலிமில் துகள் தூக்கித் தெரியும். அந்தச் சொரசொரப்பு ராக்கி வாழும் தெருவுக்குப் பொருத்தமானது என்பேன். அதைத் துடைத்துவிட்டால் அந்தத் தெருவே போய்விடும். நான்காம் பாகம் 1985இல் தாராளமான செலவில், பளிச்சென்ற ஒளியில் எடுக்கப்பட்டது. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் உங்கள் டிஸ்க் மேல் பழி இல்லாமலும் இல்லை. அந்த 2009 பெட்டியில் முதல் படத்துக்குப் பழைய பிரதியைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டான சுவர் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, திரைக்கு ஓரடி தூரத்தில் நின்று பாருங்கள். துகள் பொடிப்பொடியாக, சீராகப் பரவியிருந்தால் அது கிரெய்ன். சின்னச் சின்னச் சதுரங்களாகத் திரண்டு நின்றால் அது தரவைச் சுருக்கியதில் வந்த குறை.

பணம் செலவழிக்கும் முன் டிவியின் அமைப்பைத் திருத்துங்கள். கடையில் இருந்தபடியே ‘விவிட்’ முறையில் ஓடினால் எந்தப் பழைய படமும் கொதிக்கும். ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ முறைக்கு மாற்றி, ஷார்ப்னெஸை நன்றாகக் குறைத்து, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இரைச்சல் குறைப்பையும் அணையுங்கள். புள்ளி அதிகமாயிற்றே, அதை ஏன் அணைக்க வேண்டும் என்று தோன்றும். அது புள்ளியோடு சேர்த்து முகத்தின் சுருக்கம், தாடி மயிர், கம்பளித் தொப்பியின் இழை எல்லாவற்றையும் வழித்துவிடும். மிஞ்சுவது மெழுகு முகம்.

சரி, எதை வாங்குவது? 2014இல் முதல் படத்தை மட்டும் 4கே தரத்தில் புதிதாகச் சீரமைத்து ப்ளூ-ரேயில் விட்டார்கள். அதே ஆண்டு வந்த ஹெவிவெயிட் கலெக்‌ஷன் பெட்டியிலும் அது உண்டு, ஆனால் அதிலுள்ள மற்ற பாகங்கள் பழைய பிரதிகள்தான். கையில் காசு குறைவென்றால் அந்தத் தனி டிஸ்க்கே பெரிய முன்னேற்றம். 4கே என்று போனால் இரண்டு பெட்டிகள் உண்டு. 2023இல் வந்த நாக்அவுட் கலெக்‌ஷனில் முதல் நான்கு பாகங்கள். 2024இல் வந்த அல்டிமேட் நாக்அவுட் கலெக்‌ஷனில் ஆறும் உண்டு. ஐந்தாம் பாகத்தை நீங்கள் எத்தனை முறை போடுவீர்கள் என்று யோசியுங்கள். ஆனால் 2006இல் வந்த ஆறாம் பாகம் பிடிக்கும் என்றால் ஆறு பட பெட்டியே நல்லது. அதன் கடைசிச் சண்டை தொலைக்காட்சி நேரலைபோலத் தெரிய வேண்டும் என்று வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது. அங்கே படத்தின் தன்மை திடீரென மாறுவதைக் குறையாக நினைக்காதீர்கள்.

நான்காம் பாகம் இப்போது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ராக்கியாக நடித்த ஸ்டாலோன் 2021இல் மறுபடி வெட்டிக் கோர்த்த பதிப்பில், முன்பு பயன்படுத்தாத சுமார் 40 நிமிடக் காட்சிகள் சேர்ந்தன, பழைய வடிவத்தில் இருந்த ரோபோ காணாமல் போனது. சட்டகமும் மாறியது. பழைய படம் உங்கள் திரையை ஏறக்குறைய நிரப்பும். புதியதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அதாவது படத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் நறுக்கப்பட்டிருக்கின்றன. முதல்முறை பார்ப்பவருக்கு 1985 வடிவத்தையே போடுங்கள்.

கூடுதல் காட்சிகளில் சரக்கெல்லாம் முதல் படத்துக்குத்தான். இரண்டு, மூன்றாம் பாகங்களுக்கு நீண்ட காலம் முன்னோட்டத்தைத் தவிர எதுவும் இல்லை. அவசியம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இயக்குநர் ஜான் ஏவில்ட்சன் ஒத்திகையின்போது எடுத்த 8 எம்எம் படச்சுருள். ஸ்டாலோனும் எதிராளியாக நடித்த கார்ல் வெதர்ஸும் ஒவ்வொரு குத்தையும் நடனம்போல மனப்பாடம் செய்வதை அதில் காணலாம். அதைப் பார்த்த பிறகு கடைசிச் சண்டையை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். இன்னொன்று, நடந்தாலும் ஓடினாலும் கேமரா குலுங்காமல் காக்கும் ஸ்டெடிகேம் கருவியைக் கண்டுபிடித்த காரெட் பிரவுன் பேசுவது. அந்தக் கருவியைச் சோதிக்க அவர் தன் தோழியை பிலடெல்பியா அருங்காட்சியகப் படிகளில் ஓடவிட்டுப் படம் பிடித்தார். அதைப் பார்த்துதான் ஏவில்ட்சன் அந்தப் படிகளைத் தேடிப் போனார். ராக்கி ஏறும் 72 படிகள் படத்துக்குள் வந்தது இப்படித்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (குறிப்பிட்ட நாடுகளின் கருவிகளில் மட்டும் ஓடும் கட்டுப்பாடு) கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் 4கே பெட்டியிலும் கூடுதல் காட்சிகள் சாதாரண ப்ளூ-ரேயில் வருவதுண்டு, அதற்குப் பூட்டு இருக்கலாம். இந்தியாவில் விற்கும் கருவிகள் ‘சி’ மண்டலம், அமெரிக்கா ‘ஏ’, பிரிட்டன் ‘பி’. பின்னட்டையில் மண்டலக் குறியையும், அந்த இரண்டு காட்சிகளின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். அதுவரை பழைய பெட்டியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.