தாத்தா ரத்தம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா குடித்தே இறந்தார். போன மாதம் என் 17 வயது மகன் நண்பர்களோடு குடித்துவிட்டு வந்தான். "தாத்தா ரத்தம்தானே, வேறு எப்படி இருப்பாய்" என்று சொல்லிவிட்டேன். எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்கிறார்களாமே, செய்து பார்க்கலாமா?

பி., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

சோதனை வேண்டாம். அந்தப் பணத்தில் பையனுக்கு நல்ல காலணி வாங்கிக் கொடுங்கள்.

மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். இரட்டையர் ஆய்வுகள், குடிநோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபின் கணக்கில் எழுதுகின்றன. அது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் மகனில் பாதி தாத்தா என்று பொருள் இல்லை.

என்னை உறுத்தியது 'ரத்தம்' என்ற சொல். இந்தத் தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டா அதைச் சொல்கிறீர்கள்? வெள்ளையப் பெற்றோருக்குப் பிறந்த சாண்ட்ரா லைங் என்ற சிறுமியை 1966-இல் நிறவெறி அரசின் அதிகாரிகள் இனப் பதிவேட்டில் கலப்பினம் என்று மாற்றி எழுதினார்கள். 1967-இல் மறுபடி வெள்ளையாக்கினார்கள். அந்தக் குழந்தையின் ரத்தம் அப்படியேதான் இருந்தது.

மேற்குக் கேப் மாகாணத்தின் திராட்சைத் தோட்டங்களுக்கு வாருங்கள். கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே அளந்தார்கள். 'டாப்' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடி அந்த மக்களோடு பிறந்தது என்று பேசியவர்கள் உண்டு. கருவிலேயே மதுவால் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று இன்றும் அதுதான். அந்தப் பிள்ளை அப்படியேதான் பிறக்கிறது. ஆனால் அது மரபணுவின் வேலை அல்ல. கருப்பையும் ஒரு சூழல்தானே? பிறவி வேறு, மரபணு வேறு. இதை எத்தனை முறை எழுதினாலும், படித்தவர்களே 'ரத்தம்' என்கிறார்கள்.

என் தாத்தா வட கடற்கரையில் கரும்பு வெட்டியவர். சனிக்கிழமை தவறாமல் கரும்புச் சாராயம். அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத்து பாரக்ஸில், அதாவது கூலிக் குடியிருப்பில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அப்பா ஒரு சொட்டும் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "புட்டி வாங்க என்னைத்தான் அனுப்புவார். வெறுங்கால், வழியெல்லாம் சுடும்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

பெரியப்பா நாற்பதில் போய்ச் சேர்ந்தார். அவர் குடிக்கத் தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே, "இவன் அப்பனேதான்" என்று பாரக்ஸே சொல்லிக்கொண்டிருந்ததாம். காரணம், அவருக்கு தாத்தாவின் மூக்கு.

உங்கள் மகன் யார் சாயல்? கடிதத்தில் அதை எழுதவில்லையே.