கேள்வி-பதில்: பிக்கப் முதுகில் எத்தனை கிலோ ஏற்றலாம்?

கேள்வி: வணக்கம் அக்கா. செந்தூலில் வரிசை வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா என்று ஐந்து பேர். பள்ளி விடுமுறை வந்தால் கேமரன் மலை, கிரிக், மெராப்போ, கிழக்குக் கரை என்று கிளம்பிவிடுவோம். இரட்டைக் கதவு பிக்கப் வைத்திருக்கிறேன். முன்னால் இரும்புக் காப்பும், சேற்றில் சிக்கினால் வண்டியை இழுக்கும் வின்ச்சும் போட்டாயிற்று. இப்போது கூரை மேலே எழும்பும் கேம்பர் ஒன்றை, அதாவது உள்ளே படுத்துறங்கும் பெட்டி அறையை, பின்தொட்டியில் ஏற்ற ஆசை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் ஒருவர் 420 கிலோ எடையுள்ள ஒன்றைக் காட்டினார். அடுப்பு, சிங்க், கட்டில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. மண் சாலைக்குத் தாக்குப்பிடிக்குமா? பத்து வருடமாவது உழைக்குமா? என் வண்டிக் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,000 கிலோ, வெற்று எடை 2,050 கிலோ என்று போட்டிருக்கிறது.

பதில்: தம்பி, கடைசி வரியில் நீங்கள் எழுதிய அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. பலர் கேம்பரின் நிறம்வரை எழுதுவார்கள், இந்த எண்களை மட்டும் எழுத மாட்டார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

மூவாயிரத்தில் 2,050 போனால் 950 கிலோ. வண்டி சுமக்க அனுமதி உள்ளது அவ்வளவுதான். ஐந்து பேருக்கும் சேர்த்து 258 கிலோ என்று வையுங்கள், மிச்சம் 692. வெற்று எடையில் உங்கள் இரும்புக் காப்பும் வின்ச்சும் சேராது. இரண்டுக்கும் 90 கிலோ போனால் 602. அடுத்து சாமான்: தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ, குளிர்பெட்டியும் உணவும் 45, துணிமணியும் படுக்கையும் 50, அடுப்பு, கேஸ், பாத்திரம் 30, பேட்டரியும் சோலார் பலகையும் 35, ஜாக்கி, இழுவைக் கயிறு, கருவிகள் 30. மொத்தம் 250. கையில் நிற்பது 352 கிலோ. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேம்பர் 420. புறப்படும் முன்பே 68 கிலோ அதிகம்.

விற்பவர் சொன்ன 420 எதைச் சேர்த்தது என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அது தண்ணீர், கேஸ், பேட்டரி, பக்கவாட்டுப் பந்தல் எதுவும் இல்லாத எடை. முன்பணம் கொடுக்கும் முன் கேம்பரை ஒரு லோரியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைகளிலும் செம்பனை ஆலைகளிலும் எடை மேடை இருக்கிறது. அரை மணி நேர வேலை. இதற்குத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

பட்டறையில் ஒரு யோசனை சொல்வார்கள்: "ஒரு இலை ஸ்பிரிங் கூடப் போட்டுவிட்டால் தாங்கும், பாஸ்." வண்டியின் பின்பக்கம் தாழ்வது நிற்கும், அது உண்மை. ஆனால் அச்சு, பிரேக், சேசிஸ் எனும் அடிச்சட்டம், டயர் நான்கும் பழையபடியேதான் இருக்கின்றன. அனுமதி எடை ஒரு கிலோகூட ஏறாது. டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீடு 112 என்று அச்சிட்டிருந்தால் அந்த ஒரு டயர் சுமக்கக்கூடியது 1,120 கிலோ. 114 என்றால் 1,180. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் குனிந்து அந்த எண்ணைப் பாருங்கள். தாப்பாவிலிருந்து கேமரனுக்கு ஏறும் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மாவும் பிள்ளைகளும். அந்தச் சாலையில் அதிகச் சுமையோடு ஏறுவதைவிட இறங்குவது இன்னும் ஆபத்து.

ஆகவே என் பதில் இது: எல்லாம் பொருத்திய கேம்பரை விடுங்கள். வெறும் கூடாக வாங்குங்கள். கூரை எழும்ப வேண்டும், மேலே கட்டில் பலகை இருக்க வேண்டும், கீழே காலி. அலுமினியச் சட்டம் போட்ட கூடு என்றால் உங்கள் 352-க்குள் அடங்கி, கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, கையடக்க கேஸ் அடுப்பு, மடக்கும் மேசை வைத்தால் சமையலறை முடிந்தது. சிங்க் எதற்கு? நம் வீட்டுப் பெண்கள் ஆற்றங்கரையில் ஒரு வாளித் தண்ணீரில் பத்துப் பேருக்குப் பாத்திரம் கழுவியவர்கள்.

அளவும் முக்கியம். அமெரிக்காவில் இந்தக் கேம்பர்கள் பெரும்பாலும் ஆறரை அடி, எட்டு அடித் தொட்டிகளை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. நம் இரட்டைக் கதவு வண்டிகளின் தொட்டி ஏறக்குறைய ஐந்து அடி. நீளமான கூட்டை இதில் வைத்தால் பின்கதவைத் திறந்தபடி விட வேண்டும், பாரமும் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளிப் போய்விடும். அப்போது முன்சக்கரம் இலேசாகும், ஸ்டியரிங் பிடி தளரும். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். அந்தப் புள்ளி எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதைப் பக்கவாட்டில் குறித்தே அனுப்புவார்கள்.

இனி உழைப்பு. மண் சாலையில் ஒரு சக்கரம் வேர் மேலும் இன்னொன்று பள்ளத்திலும் நிற்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். தொட்டியும் அதோடு முறுக்கும், கேம்பரும் முறுக்கும். மரச்சட்டத்தில் திருகாணி அடித்த பெட்டி என்றால் முதலில் மூலை வாய் திறக்கும், அங்கே மழை இறங்கும், அப்புறம் மரம் உளுத்துப்போகும். வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே ரொட்டி மாதிரி. பற்றவைத்த அலுமினியச் சட்டம் கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பழைய நிலைக்கு வரும். ஒரே வார்ப்பாக வந்த ஃபைபர் கிளாஸ் கூரையும் நல்லது, இணைப்பு இல்லாத இடத்தில் ஒழுக்கு வராது. செராத்திங், கோலத் திரங்கானு பக்கம் அடிக்கடி போகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: அலுமினியத்தில் நேராகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை முடுக்கினால் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் நைலான் வாஷரோ சீலண்டோ இருக்கிறதா என்று ஒரு போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கூரையைத் தூக்கும் முறையில் எளிமையானதே எனக்குப் பிடிக்கும். முன்னும் பின்னும் மடக்குப் பலகை வைத்து, உள்ளே நின்று தோளால் தள்ளித் தூக்குவது பழைய முறை. அதில் கெடுவதற்கு அதிகம் இல்லை. கேஸ் ஸ்ட்ரட், அதாவது கூரையைத் தள்ளித் தூக்கும் வாயுத் தண்டு, வைத்ததும் நல்லதுதான், ஆனால் வருடக்கணக்கில் அதன் வலு குறையும், கூரை மேல் சோலார் பலகை வைத்தால் இன்னும் திணறும். மின்மோட்டார் வைத்தது என்றால், பேட்டரி இறங்கிப்போனால் கையால் இறக்க வழி உண்டா என்பதை நீங்களே கடையில் செய்து பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் இந்தக் கேம்பரைக் கொல்வது ஈரம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தெமெங்கோர் ஏரிக்குப் போய்விட்டு ஞாயிறு காலை மழையிலேயே கூரையை இறக்கிப் பூட்டி வந்தார்கள். திங்கள் வேலை, செவ்வாய் டியூஷன் என்று நாள் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் திறந்தார்கள். முதலில் வாடை வந்தது, ஈரச் சாக்கு வாடை. பிறகு துணிச் சுவரின் ஒவ்வொரு மடிப்பிலும் தாளிக்கும்போது கடுகு தெறித்ததுபோல் கரும்புள்ளிகள். அந்த அம்மா வினிகரும் பழைய பல்தூரிகையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தேய்த்தார், பாதிதான் போனது. வீட்டுக்கு வந்த அன்றே கூரையை உயர்த்தி, மின்விசிறி வைத்து உலர்த்த வேண்டும். உங்கள் வரிசை வீட்டுப் போர்ச்சில் கூரையை முழுதாக உயர்த்த இடம் இருக்கிறதா? டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். இடம் இல்லை என்றால் இந்த ஆசையையே கொஞ்சம் தள்ளிப் போடலாம். பேரங்காடிகளின் கீழ்த்தள நிறுத்துமிடமும் இனி உங்களுக்கு இல்லை, நுழைவில் 2.1 மீட்டர் பலகை தொங்கும் இடங்களே அதிகம்.

படுக்கையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்தடித் தொட்டிக் கேம்பரில் ஐந்து பேர் படுக்க முடியாது. மேல்கட்டிலில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், கீழே பெஞ்சில் உங்கள் அம்மா. அம்மாவை ஏணி ஏறச் சொல்லாதீர்கள், நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தால் இறங்க வேண்டுமே. நீங்கள் பக்கப் பந்தலில் கொசுவலைக் கூடாரத்துக்குள். வண்டி ஓடும்போது பின்னால் யாரும் உட்காரவே கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

வெளிநாட்டுப் பொருள் என்பதால் இரண்டு விஷயம். அமெரிக்கக் கேம்பர் என்றால் உள்ளே இருக்கும் மின்சாரப் பொருள்கள் 120 வோல்ட், நம்முடையது 230. கேஸ் இணைப்பும் நம் ஊர் சிலிண்டருக்குப் பொருந்தாது. வெறும் கூடு வாங்கினால் இந்தத் தலைவலி இரண்டும் இல்லை. 12 வோல்ட் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி போதும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரம் இருக்கும், இரவு முழுக்க விசிறிக்குத் தாராளம். அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். மழை என்று கூரையை இறக்கிவிட்டு உள்ளே எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பணம் கட்டும் முன் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்குக் கேம்பரின் படத்தையும் அளவையும் எடையையும் எடுத்துப் போய், எப்படிப் பொருத்தப் போகிறீர்கள் என்று காட்டிக் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு "மாற்றம் செய்ததைச் சொல்லவில்லையே" என்று அவர்கள் கேட்கும்போது கையில் கடிதம் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய கேம்பர் ஒன்று கிள்ளானில் விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? நான் கேம்பரை உள்ளே சென்று பார்த்ததே இல்லை.

பதில்: பகலில் போங்கள், ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் பாருங்கள். கூரையை உயர்த்தி, உள்ளே போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். துணிச் சுவரில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் நட்சத்திரம்போல் வெளிச்சம் தெரியும். மடிப்பு விழும் இடத்தை விரலால் தடவுங்கள், பூச்சு செதிலாக உரிந்தால் துணி மாற்றும் காலம் வந்துவிட்டது. பிறகு வெளியே ஒருவர் கால் மணி நேரம் தண்ணீர் அடிக்கட்டும், நீங்கள் உள்ளே மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். பொதபொதவென்று அமுங்கினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். கேம்பரைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டும் நான்கு முடுக்கிகளையும் பாருங்கள். அவை பிடித்திருக்கும் தகடு கிழிந்திருந்தால் அந்த வண்டி கரடுமுரடாக ஓடியிருக்கிறது. வாங்கினால், முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி நான்கையும் மறுபடி முடுக்குங்கள்.

கேள்வி: ரவாங் பக்கத்தில் ஒரு பட்டறையில் கேம்பர் செய்துதரச் சொல்லி 8,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள், எட்டு மாதம் ஆகிவிட்டது. போன் எடுப்பதில்லை. வழக்கறிஞர் வைக்கும் வசதி இல்லை.

பதில்: வழக்கறிஞர் தேவையே இல்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 ரிங்கிட்வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், நீங்களே நேரில் பேசலாம். மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், உங்களுக்குக் காலம் இருக்கிறது. முதலில் பட்டறைக்கு 14 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ரசீது, வங்கி மாற்றப் பதிவு, மூன்று மாதம் என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்த மன்றம் வியாபாரம் செய்கிறவர்மீது பயனீட்டாளர் போடும் கோரிக்கையைத்தான் விசாரிக்கும். பட்டறை பதிவான நிறுவனமா, எந்தப் பெயரில் என்பதை எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) பதிவில் பார்த்து, அந்தப் பெயரையே படிவத்தில் எழுதுங்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரை எழுதி, அறிவிப்பு போய்ச் சேராமல் இழுத்தடிக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.