அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

கேள்வி: செர்பியா, அமெரிக்கா, மலேசியா, பிலிப்பைன்ஸ் என்று எந்த நாட்டை எடுத்தாலும் ரத்தம் குடிக்கும் பேய் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரிலும் பிரசவத்தில் இறந்த ஒரு பெண் காட்டேரியாகப் புளியந்தோப்பில் திரிவதாகச் சொல்வார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்கள் எல்லாரும் இப்படி ஒன்றையே சொன்னால், அதில் ஏதோ உண்மை இருக்கத்தானே வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சை மாவட்டம்

பதில்: அவர்கள் ஒன்றையே சொல்லவில்லை. செர்பியாவில் எழுந்து வந்தது புதைத்த பிணம். மலாய்க்காரர்களின் பெனாங்கலான் உயிரோடு இருக்கும் பெண். ராத்திரியில் அவள் தலை மட்டும் குடலைத் தொங்கவிட்டபடி கழன்று பறக்கும். பிலிப்பைன்ஸின் மனனாங்கல் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து, கர்ப்பிணி படுத்திருக்கும் வீட்டைத் தேடும். சீனத்து ஜியாங்ஷி விறைத்துப்போய்த் தத்தித் தத்தி வரும். அதற்கு வேண்டியது ரத்தம்கூட இல்லை, உயிர்மூச்சு. இத்தனையையும் 'ரத்தக்காட்டேரி' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடியது நாம்தான்.

சரி, பொதுவாக ஏதும் இல்லையா? இருக்கிறது. ஏன் என்று தெரியாத சாவு.

1725-இல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் எட்டே நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். பத்து வாரத்துக்கு முன் இறந்த பேதார் பிளாகோயேவிச் என்பவன் ராத்திரியில் வந்து தங்கள் மேல் படுத்து நெரித்ததாகச் சாகும்போது சொன்னார்கள். அவன் தன்னிடம் வந்து செருப்பைக் கேட்டான் என்றாள் அவன் மனைவி. அந்தப் பகுதி அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. அரசு அதிகாரி ஒருவர் முன்னிலையில் தோண்டினார்கள். உடல் அழுகாமல், வாயில் ரத்தத்தோடு இருந்தது. நெஞ்சில் மரமுளையை அடித்து எரித்துவிட்டார்கள். இன்று பிரேதப் பரிசோதனை செய்யும் எந்த டாக்டரும் இதைக் கேட்டுத் திடுக்கிட மாட்டார். வயிற்றில் வாயு சேர்ந்து பிணம் உப்பும், அந்த அழுத்தத்தில் ரத்தம் கலந்த நீர் வாய்வழியே கசியும், ஈறும் விரல்நுனியும் சுருங்குவதால் பல்லும் நகமும் வளர்ந்த மாதிரித் தெரியும்.

நீங்கள் அமெரிக்காவைச் சொன்னீர்கள். அங்கேதான் எனக்கு மனசு ஆறுவதில்லை. ரோட் ஐலண்டு மாநிலம், எக்ஸீட்டர் என்ற ஊர். ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவியைக் காசநோய் கொண்டுபோனது, அப்புறம் மூத்த மகளை. 1892 ஜனவரியில் இன்னொரு மகள் மெர்சி போனாள், வயது 19. மகன் எட்வினும் இருமிக்கொண்டிருந்தான். குடும்பத்தில் செத்த யாரோ ஒருவர்தான் இவனை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் நெருக்கினார்கள். தகப்பனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் வேண்டாம் என்று மறுக்க முடியவில்லை.

மார்ச் 17-ஆம் தேதி மூன்று உடல்களையும் பார்த்தார்கள். பல வருஷமாக மண்ணுக்குள் இருந்த தாயும் அக்காவும் கிட்டத்தட்ட எலும்பாகியிருந்தார்கள். மெர்சி செத்து இரண்டே மாதம், அதுவும் கடுங்குளிர்க்காலம். உடல் கெடாமல் இருந்தது, இதயத்தில் ரத்தம் இருந்தது. நுரையீரலில் இருப்பது காசநோய்தான் என்று கூட வந்த டாக்டர் சொன்னார். கேட்டவர் யார்? இதயத்தை அறுத்தெடுத்து ஒரு பாறைமேல் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். தங்கையின் இதயத்தைக் குடித்தவன் மே மாதம் செத்துப்போனான். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882-இல். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்ட விஷயம்.

இப்போது பிரசவத்துக்கு வருவோம். மலேசியாவில் இருக்கும் நம் மக்களுக்குப் பொந்தியானாக் என்ற பேரைச் சொன்னால் போதும். பிரசவத்தில் இறந்தவள், வெள்ளை உடை, விரித்த கூந்தல். அதற்கு நெருங்கிய உறவான லாங்சுயிருக்குப் பயந்து, அந்தக் காலத்தில் பிரசவத்தில் இறந்த பெண்ணின் வாயில் கண்ணாடி மணிகளைத் திணித்தார்கள், இரண்டு அக்குளிலும் முட்டை வைத்தார்கள், உள்ளங்கையில் ஊசி குத்தினார்கள். அவள் கத்தக்கூடாது, கையை விரித்துப் பறக்கக்கூடாது என்பதற்காக. உயிரோடு இருந்தபோது வலியில் கத்தியவளின் வாயைத்தான் அப்படி அடைத்தார்கள்.

பிரசவத்தில் பெண்கள் சாவதற்கு இன்றைக்கும் பெரிய காரணம் நிற்காத ரத்தப்போக்கு. ரத்தம் போய்ச் செத்தவளை ரத்தம் குடிப்பவள் என்று சொன்னார்கள். நீங்கள் கேட்ட உண்மை இதுதான், வாசகரே. இதைத் தாண்டி இன்னொரு உண்மையை நான் தேடவில்லை.

அதே சாவுக்கு நம் ஊர்க்காரர்கள் வேறொன்றும் செய்திருக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவள் இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாளே என்று, அவள் நினைவாக வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டார்கள். சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் குனியாமல், யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் இறக்கி வைக்கலாம், அந்த உயரம். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்துச் சாலையோரங்களில் நானே பார்த்திருக்கிறேன். காட்டேரி கதை கட்டியதும் நாம்தான், இந்தக் கல்லை நட்டதும் நாம்தான்.

அந்தப் புளியந்தோப்புப் பெண்ணின் பெயரைக் கேள்வியில் எங்கும் நீங்கள் எழுதவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த வருஷம் இறந்தாள், வலி எடுத்து எத்தனை நாள் கிடந்தாள், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வண்டி கிடைத்ததா, குழந்தை பிழைத்ததா? பிழைத்திருந்தால், தன் அம்மாவைப் பேய் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.