கோரிமேட்டைத் தாண்டினால் பதினெட்டு

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமையானால் நண்பர்களோடு பைக்கில் பாண்டிச்சேரி போய்விட்டு நள்ளிரவில் திரும்புகிறான். வாடை வருகிறது. கேட்டால், "அங்கே 18 ஆனாலே சட்டப்படி குடிக்கலாம்மா" என்கிறான். அவன் அப்பாவும் குடிப்பவர். முன்பு இவனையே கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்வார், இப்போது "வயசுப் பையன், விடு" என்கிறார். மது வாங்கும் வயதை 25 ஆக்கச் சொல்லி எங்கள் மகளிர் குழுவில் மனு எழுதுகிறோம். இதனால் ஏதாவது நடக்குமா அக்கா?
- பெயர் வேண்டாம், திண்டிவனம்

பதில்: நள்ளிரவில் பைக்கில் திரும்புகிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, கடிதம் முழுக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் மனுவைப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இப்போதே 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 2003 இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தபோது வந்த விதிகளிலேயே அது இருக்கிறது. கேரளாவில் 2017 இல் 21 ஐ 23 ஆக்கினார்கள். மகாராஷ்டிராவில் பீருக்கு 21, பிராந்தி விஸ்கிக்கு 25. ஆக நீங்கள் கேட்பது ஊர் உலகத்தில் இல்லாத சங்கதி இல்லை, மருத்துவக் காரணமும் இருக்கிறது: நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய 25 வயது வரை ஆகிறது, குடி எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது.

ஆனாலும் 25 என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன், ஊர் எது என்பது வேண்டாம், எதிரே ஒரு மதுக்கடை. கம்பி வலைக்குள் ஒரு கை நீண்டது, மடித்த நோட்டோடு. உள்ளே இருந்தவர் நோட்டைப் பார்த்தார், பிரித்தார், எண்ணினார், குவார்ட்டரை எடுத்துக் கையில் வைத்தார், ஒருமுறைகூட முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிய பையனுக்கு மீசை அரும்பக்கூட இல்லை, மேலே டீஷர்ட், கீழே பள்ளிக்கூட யூனிஃபார்ம் பேண்ட். அந்தக் கம்பிக்கு மேலே 21 என்றிருப்பதை 25 என்று மாற்றி எழுதினால் அந்தக் கை நின்றுவிடுமா? சந்தேகப்படும் வயதில் யார் வந்தாலும் ஆதாரோ லைசென்ஸோ பார்த்துவிட்டுத்தான் பாட்டில், பார்க்காமல் கொடுத்தால் நடவடிக்கை என்று மனுவில் எழுதுங்கள். இருக்கிற 21 க்கு முதலில் உயிர் வரட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் ஊருக்கென்றே இருக்கிறது. புதுச்சேரி எல்லையான கோரிமேட்டைத் தாண்டினால் 18. இந்தப் பக்கம் 21, அந்தப் பக்கம் 18, நடுவில் சுமார் 40 கிலோமீட்டர் நாலுவழிச் சாலை, கையில் பைக். இந்தக் கதை அமெரிக்காவில் அப்படியே நடந்திருக்கிறது. 1970களில் பல மாநிலங்கள் வயதை 18, 19 என்று இறக்கின, பக்கத்து மாநிலம் 21 லேயே நின்றது. பிள்ளைகள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் காரோட்டித் திரும்பும்போது செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு ரத்த எல்லைகள் என்றே பெயர் வந்தது. குழந்தைகளை இழந்த அம்மாக்கள் சும்மா இருக்கவில்லை. 1984 இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்றது, 1988 க்குள் நாடு முழுக்க ஒரே வயது. சாலையில் இளைஞர் சாவு குறைந்தது. அதனால் வயதை உயர்த்துவது வீண் வேலை என்று நான் சொல்லவே மாட்டேன், உயர்த்த வேண்டிய இடம் புதுச்சேரி என்கிறேன். உங்கள் மனுவின் ஒரு நகல் அந்த அரசுக்கும் போகட்டும், 18 ஐ 21 ஆக்கச் சொல்லி. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் என்பதையும் எழுதுங்கள்.

சரி, மனு நகர்வதற்குள் எத்தனை சனிக்கிழமை வருமோ. பையனிடம் பேசுங்கள், ஆனால் அவன் வாடையோடு வந்து நிற்கும் நேரத்தில் வேண்டாம், அப்போது நீங்கள் அழுவீர்கள், அவன் கத்துவான். செவ்வாய், புதன் என்று ஒரு நாள், சாப்பிட்டு முடித்த பிறகு. சட்டம் பேசுகிற பிள்ளைதானே, சட்டத்தையே சொல்லுங்கள். குடிக்கிற வயதுதான் கோரிமேட்டோடு மாறுகிறது, வண்டி ஓட்டுகிற சட்டம் இரண்டு பக்கமும் ஒன்று. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோகூட. அப்புறம் சாவியைப் பற்றிக் கறாராக ஒரு ஒப்பந்தம்: சனிக்கிழமை பாண்டிக்கு என்றால் பஸ்ஸில்தான். எதையும் மீறி அங்கே மாட்டிக்கொண்டால் எந்த நேரமானாலும் போன் பண்ணு, அன்றைக்கு ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மது எடுத்துவரப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அவரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. பையன் அந்தக் கடைக்கு வழி கற்றது யாரிடம் என்று அவர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

அவரிடம் இப்போதைக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள். சனிக்கிழமை இரவு 12 மணிக்குப் பாண்டியிலிருந்து பையன் போன் பண்ணினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவர வேண்டியவர் அவர்தான், அதற்கு அன்றைக்கு அவர் குடிக்காமல் இருக்க வேண்டும், இருப்பாரா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.