ரீச்சரிடம் கேளுங்கள்: பால்மாக் கணக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பால்மாவைப் பற்றியவை. மனைப்பொருளியல் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் இந்தப் பாடத்தில்தான் கொட்டாவி விடுவார்கள். இப்போது குடும்பம் நடத்தும்போது எழுதிக் கேட்கிறார்கள். சந்தோஷம்தான்.

ரீச்சர், வீட்டுக்கு வந்து ஊற்றும் பசுப்பால் இலாபமா, பால்மா இலாபமா? மாமி பசுப்பால் என்கிறா, இவர் பால்மா என்கிறார்.
*– இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவள், வவுனியா*

பிள்ளை, இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஒரு துண்டுக் கடதாசியை எடுங்கள். பசுப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மிச்சம் 13 பங்குதான் கொழுப்பு, புரதம், பால்வெல்லம், உப்புகள் எல்லாம். முழு ஆடைப் பால்மா என்று நாம் வாங்குவது அந்த 13 பங்கைத்தான். ஆகவே ஒரு லீற்றர் பாலுக்குச் சமமாக வேண்டுமென்றால் 900 மில்லிலீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 130 கிராம் மா கரைக்க வேண்டும். 400 கிராம் பைக்கற்றில் மூன்று லீற்றர் பால் இருக்கிறது, ஒரு கிலோவில் ஏழரை லீற்றருக்குக் கொஞ்சம் மேல். சின்னப் பைக்கற்றின் விலையை மூன்றால் பிரித்து, பால்காரர் கேட்கும் லீற்றர் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வழக்கு முடிந்தது.

ஆனால் இந்தத் தீர்ப்பு ஆயுசுக்கும் நிற்காது. 2021 ஒக்ரோபரில் கட்டுப்பாட்டு விலையை எடுத்தபோது 380 ரூபாப் பைக்கற் 480 ஆனது. 2022 மார்ச்சில் அதே பைக்கற் 790. மூன்றால் பிரித்தால் லீற்றர் 127 ரூபாவாக இருந்தது ஆறு மாதத்துக்குள் 263க்குப் போயிருக்கிறது. விலை மாறும்போதெல்லாம் திரும்பவும் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பால்காரர் ஊற்றுவது முழுப்பால் என்று நம்பித்தான் இவ்வளவும் சொன்னேன். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தால் 240 ரூபாப் பாலுக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது 300. நாலு நாள் காய்ச்சி, ஆடை ஒரே தடிப்பில் படிகிறதா என்று பாருங்கள். நல்ல பால் என்றால், விலை கொஞ்சம் கூடினாலும் நான் மாமி பக்கம். ஆடையைச் சேர்த்து நெய்யும் காய்ச்சலாமே.

நாலு பேர் உள்ள வீடு. தேத்தண்ணிக்கு மட்டும்தான் பாவிக்கிறோம். 400 கிராம் பைக்கற் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. கடைக்காரர் நிறையில் ஏமாற்றுகிறாரோ?
*– வாசகி, நெல்லியடி*

கடைக்காரர் பாவம். உங்கள் வீட்டுக் கரண்டியைப் பாருங்கள். குவித்து அள்ளினால் ஒரு தேக்கரண்டியில் 5 கிராம் அளவு மா வரும். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாலு பேர், காலையும் மாலையும் என்றால் நாளுக்கு 80 கிராம். ஐந்து நாளில் 400 கிராம். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

கரண்டியின் தலையைக் கத்தி முதுகால் தட்டிவிட்டால் மூன்று கிராம் சொச்சம்தான் நிற்கும். தட்டிய கரண்டி இரண்டு போட்டால் அதே பைக்கற் எட்டு நாள் வரும். "அப்ப தேத்தண்ணி தண்ணியாய் இருக்காதோ?" என்று கேட்பீர்கள். கலக்கும் விதத்தில் இருக்கிறது விஷயம்.

ஒவ்வொரு கோப்பையிலும் தனித்தனியே போடாதீர்கள். ஒரு யக்கில் நாலு பேருக்கும் உரிய மாவையும் சீனியையும் ஈரம் படாமல் முதலில் கலக்குங்கள். சீனி மணிகள் இடையில் புகுந்து மாவை விலக்கி வைக்கும், அதனால் கட்டி பிடிக்காது. அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி விட்டு, கரண்டி முதுகால் யக்கின் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்துக் குழையுங்கள். வெள்ளை உருண்டை ஒன்றும் தென்படக்கூடாது. அதன் மேல்தான் கொதிக்கும் தேயிலைச் சாயத்தை வடிக்க வேண்டும். கொதிநீரை நேரே மாவில் ஊற்றினால் உருண்டையின் வெளிப்பக்கம் அவிந்து தோல் பிடித்துவிடும், உள்ளே மா உலர்ந்தபடியே இருக்கும். அது கோப்பையின் அடியில் தங்கிக் கழுவுகிற தண்ணீரோடு போகிறது. நீங்கள் பத்து கிராம் போட்டும் ருசி போதாமல் இருப்பது அதனால்தான். சாயத்தைக் கொஞ்சம் கடுப்பாக விட்டு, இரண்டு யக்கில் உயர்த்தி ஆற்றினால் நுரை வரும். நுரை வந்தால் எங்கள் ஆட்கள் பாலைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பிள்ளைகள் குடிக்கும் தேத்தண்ணியைப் பால் குடித்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். 200 மில்லிலீற்றர் கிளாஸ் ஒன்று உண்மையான பாலாக இருக்க 25 கிராம் மா வேண்டும். பெரியவர்களின் கோப்பையில் மிச்சம் பிடித்து, அதைப் பிள்ளையின் கிளாஸில் போடுங்கள்.

மற்ற மாவைவிட நல்ல மலிவாக ஒரு பைக்கற் வருகிறது. மேலே மாட்டுப் படமும் இருக்கிறது. வாங்கலாமா?
*– தனியே சமைக்கும் தம்பி, கிளிநொச்சி*

தம்பி, மாட்டுப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். சேர்மானங்களில் எது கூடவோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். முழு ஆடைப் பால்மா என்றால் நூற்றுக்கு 26 பங்காவது பாற்கொழுப்பு இருக்க வேண்டும். ஆடை நீக்கிய மாவில் பாம் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைச் சேர்த்து விற்பது வேறு சரக்கு. நஞ்சில்லை, தேத்தண்ணிக்கு ஓடும், ஆனால் பால்மா விலை கொடுக்கத் தேவையில்லை. மூன்றாவது வகை கிறீமர்: குளுக்கோஸ் பாகும் எண்ணெயும், பெயருக்குக் கொஞ்சம் பாற்புரதமும். அதில் சாயம் வெளுக்கும், அவ்வளவுதான்.

வாசிக்க நேரமில்லையென்றால் புரதம் என்ற வரியை மட்டும் பாருங்கள். 100 கிராமுக்கு 24, 25 கிராம் என்றிருந்தால் அது கிறீமர் இல்லை; தாவரக் கொழுப்புச் சேர்ந்ததா என்பதைச் சேர்மானத்தில்தான் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

பிரித்த மா கட்டி பிடிக்கிறது. பிறிட்ஜில் வைக்கலாமா?
*– வாசகி, மானிப்பாய்*

வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் வேர்த்து ஈரம் இறங்கும். காய்ந்த கண்ணாடிப் போத்தல், இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி போதும். ஆவி பறக்கும் கேத்தலுக்கு மேலே போத்தலைத் திறக்காதீர்கள். மஞ்சளித்து எண்ணெய்ச் சிக்கு மணம் வந்தால் வீசிவிடுங்கள்.

எங்களுக்கு எருமைப்பால் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஆட்கள் கூட. தண்ணீர் விட்டால் ருசியும் இல்லை, தயிரும் உறையவில்லை.
*– கூட்டுக்குடும்பம், மட்டக்களப்பு*

உங்களுடைய பிரச்சினையை 1940களின் பிற்பாதியில் பம்பாயில் ஆரே பால் பண்ணையில் தீர்த்துவைத்தார்கள். தாரா குரோடி என்பவர் எருமைப்பாலில் தண்ணீரையும் ஆடை நீக்கிய பால்மாவையும் சேர்த்து அளவைப் பெருக்கினார். இந்தியாவில் இன்றும் 'டோண்ட் மில்க்' என்று விற்பது அதுதான். எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் இருக்கும், பாதியாகக் குறைந்தாலும் பசுப்பாலுக்குக் கிட்ட நிற்கும். தண்ணீர் மட்டும் விட்டால் புரதமும் சேர்ந்து பாதியாகிவிடுகிறது. தயிரைப் பிடித்து நிறுத்துவதே புரதம், பிறகு எப்படி உறையும்?

ஒரு லீற்றர் எருமைப்பாலுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அதில் 90 முதல் 100 கிராம் வரை ஆடை நீக்கிய மா. முழு ஆடை மாவைப் போட்டு இதைச் செய்யாதீர்கள், காசும் கொழுப்பும் இரண்டும் கூடிவிடும். சேர்த்துக் காய்ச்சி, பத்து நிமிடம் சிறு தீயில் விட்டு, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை குத்துங்கள். முட்டித் தயிர்போல வெட்டி எடுக்கும் கெட்டி வராது. சோற்றுக்கு நன்றாக இருக்கும். சில கடைகளில் ஆடை நீக்கிய மாவுக்கு 'உடம்பு மெலிய' என்று கூடுதல் விலை வைப்பார்கள், அங்கே வாங்கினால் இலாபம் போய்விடும்.

எட்டு மாதக் குழந்தைக்கு நாங்கள் குடிக்கும் பால்மாவையே தண்ணியாகக் கரைத்துக் கொடுக்கலாமா? குழந்தைகளின் மா வாங்கக் கட்டுப்படியாகவில்லை.
*– தாய், ஹற்றன்*

கொடுக்காதீர்கள், அம்மா. ஒரு வயது வரை குழந்தை குடிக்கும் பால் தாய்ப்பாலாகவோ, அது முடியாத இடத்தில் குழந்தைகளுக்கென்றே செய்த மாவாகவோ இருக்க வேண்டும். நாங்கள் குடிக்கும் மாவில் உப்பும் புரதமும் அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு அதிகம், இரும்புச்சத்து போதாது. தண்ணியாகக் கரைத்தால் குழந்தை வயிறு நிறைந்தும் பசியில் கிடக்கும். ரின்பாலும் கூடாது. ஆடை நீக்கிய மா இரண்டு வயது வரை வேண்டாம். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் காசு முடையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தாய்ப்பாலைத் திரும்பக் கூட்டவும், கூழில் என்ன சேர்க்கலாம் என்று பார்க்கவும் உதவி செய்வா.

தேங்காய் விற்கிற விலையில் சொதிக்குப் பால்மா போடலாமா? அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டு ஓட வேண்டும்.
*– புதுமணப் பெண், சாவகச்சேரி*

போடலாம், அரைவாசிக்கு. பாதித் தேங்காயின் முதற்பாலை எடுத்து வையுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் அவித்து, உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள், ஏனென்றால் பால்வெல்லம் இலேசாக இனிக்கும். ஒரு மிளகாயும் கூட்டிப் போடலாம். இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முதற்பாலோடு சேர்த்து, நெருப்பைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள், கொதிக்கவிடாதீர்கள்.

தேசிக்காயைச் சட்டியில் பிழிய வேண்டாம். தேங்காய்ப்பால் தாங்குகிற புளிப்பை மாட்டுப்பால் அந்தச் சூட்டில் தாங்காது, திரைந்துவிடும். கோப்பையில் பரிமாறி, சூடு தணிந்த பிறகு அவரவர் பிழியட்டும். புளி விட்ட மீன்குழம்புக்கு இந்த வித்தை சரிவராது, அதற்குத் தேங்காயைத்தான் உடைக்க வேண்டும்.