எந்த மாநிலத்தில் வன்முறை அதிகம்? என்.சி.ஆர்.பி. எண்களைப் படிப்பது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: 2022-இல் நாட்டிலேயே அதிகக் கொலை உத்தரப் பிரதேசத்தில்தான் என்கிறது என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) ஆண்டறிக்கை. அப்படியானால் அதுதான் மோசமான மாநிலமா சார்?

பதில்: எண் சரி, முடிவு தப்பு. உ.பி.யில் 3,491 கொலை வழக்குகள், தமிழ்நாட்டில் 1,690. ஆனால் அங்கே மக்கள்தொகை சுமார் 23.5 கோடி, இங்கே 7.7 கோடி. வழக்கை மக்கள்தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்கினால் உ.பி. 1.5, தமிழ்நாடு 2.2. நாட்டுச் சராசரி 2.1. ஜார்க்கண்ட் ஏறக்குறைய 4.

கேள்வி: உ.பி. நம்மைவிடப் பாதுகாப்பா? நம்பவே முடியலையே!

பதில்: அவசரப்படாதீர்கள், இன்னொரு பட்டியலையும் திறக்க வேண்டும். திருமணமான ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குமுன் வரதட்சணைக் கொடுமையும் நடந்திருந்தால், அது 'வரதட்சணைச் சாவு' என்ற தனித் தலைப்பில் போகும். கொலைக் கணக்கில் சேராது. 2022-இல் உ.பி.யில் அப்படி 2,138 வழக்குகள். தமிழ்நாட்டில் சில பத்துகளைத் தாண்டாது. இரண்டு தலைப்பையும் கூட்டிப் பாருங்கள்: உ.பி. 2.4-க்கு ஏறும், தமிழ்நாடு 2.2-இலேயே நிற்கும். வரதட்சணைச் சாவுகளில் தற்கொலைகளும் அடக்கம் என்பதால் 2.4-ஐ மேல்வரம்பாகவும் 1.5-ஐக் கீழ்வரம்பாகவும் வைத்துக்கொள்ளலாம். நம்முடைய 2.2 அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. 'நாங்கள் மேல், நீங்கள் கீழ்' என்று சண்டை போட இந்த எண் உதவாது.

கேள்வி: கேரளாதான் குற்றத்தில் முதலிடம் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

பதில்: மொத்தக் குற்ற விகிதத்தை எடுத்திருப்பார்கள். 2016-இல் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் கேரளத்தில் லட்சத்துக்கு 727.6, நாட்டில் 233.6. ஆனால் அங்கே கொலை விகிதம் ஒன்றுக்கும் கீழே. மொத்தம் மூன்று மடங்கு, கொலை பாதிக்கும் குறைவு என்றால் அது வன்முறையின் அளவல்ல. புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள் என்பதன் அளவு.

கொலைக்குப் பிணம் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, மறைப்பது கடினம். அடிதடி அப்படியில்லை. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிட்டால் அந்தச் சம்பவம் ஆண்டறிக்கைக்கே வராது. ஒரு மாநிலத்தை முதலில் கொலை எண்ணை வைத்து எடை போட்டுவிட்டு, பிறகு மற்ற எண்களைப் பாருங்கள்.

கேள்வி: 2020-இல் தமிழ்நாட்டு வழக்குகள் திடீரென்று எகிறியது ஏன்?

பதில்: ஊரடங்கு. நாடு முழுக்க அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவு வழக்குகள் 29,469-இலிருந்து 6,12,179 ஆனது, அதில் நம் பங்கு பெரியது. வன்முறைக்குச் சம்பந்தமே இல்லை.

கேள்வி: டெல்லியில் பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 706, 2013-இல் 1,636. ஒரே வருடத்தில் இவ்வளவு கெட்டுப்போகுமா?

பதில்: போகாது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு புகார் கொடுக்க முன்வந்தவர்கள் கூடினார்கள். 2013 திருத்தச் சட்டம் வரையறையை விரித்தது, சம்மத வயதை 16-இலிருந்து 18 ஆக்கியது, இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குத் தண்டனையும் வைத்தது. 2012-க்கு முன்னும் பின்னும் ஒரே கோடாக வரைபடம் போடாதீர்கள். நடுவே முறித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு எதிரான குற்றத்தில் தமிழ்நாடு 24.0, கேரளா 82.0, டெல்லி 144.4 (2022). இதையாவது பெருமையாகச் சொல்லலாமா அண்ணா?

பதில்: முதலில், இங்கே வகுப்பது பெண்களின் எண்ணிக்கையால் மட்டும். கொலை விகிதத்தோடு பக்கத்தில் வைத்தால் தப்பாகும். அடுத்து, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். அது காவல் நிலையத்தில் அல்ல, வீட்டில் போய்க் கேட்கிறது. கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நாட்டில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். அந்த 24.0 பெருமைக்குரியதா, புகார் வாசலைத் தாண்டவில்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள் தம்பி.

கேள்வி: 'வன்முறைக் குற்றங்கள்' என்ற கூட்டுத்தொகையை அப்படியே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆள் கடத்தல் அதைக் குழப்பிவிடும். குழந்தை காணாமல் போனால் கடத்தலாகவே கருதிப் பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காதலித்து ஓடிப்போன கதைகளும் அதில் கிடக்கின்றன. இன்னொன்று: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடியது மட்டும் எண்ணப்படும். வன்கொடுமை செய்து கொன்றால் அது கொலைத் தலைப்பில் போய்விடும்.

கேள்வி: லட்சத்தீவின் கொலை விகிதம் ஒரு வருடம் பூஜ்யம், மறு வருடம் 1.4 என்று குதித்தால்?

பதில்: சுமார் எழுபதாயிரம் பேர் உள்ள இடத்தில் ஒரே கொலை அந்தக் குதிப்பைத் தரும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தற்செயல் ஊசலாட்டம் தோராயமாகத் தெரியும்: 25 கொலை என்றால் கூட்டல் கழித்தல் 10. எண்ணிக்கை 25-க்குக் கீழே இருந்தால் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

கேள்வி: பெருநகரப் பட்டியலை நம்பலாமா?

பதில்: அங்கே வகுக்கும் எண் 2011 கணக்கெடுப்பு. வேகமாக வளர்ந்த பெங்களூரு போன்ற ஊருக்கு விகிதம் வீங்கித் தெரியும்.

கேள்வி: எக்செல்லில் பல வருடத் தரவைச் சேர்க்கிறேன். கவனிக்க வேண்டியது?

பதில்: 'வழக்குகள்', 'பாதிக்கப்பட்டோர்' என இரண்டு பத்திகள் இருக்கும், ஒன்றையே கடைசிவரை பிடியுங்கள். 2014-க்கு முந்தைய ஆந்திரத்தில் தெலங்கானாவும் அடக்கம். பிரிவு எண்ணை வைத்து மட்டும் வடிகட்டாதீர்கள், குற்றத்தின் பெயரையும் தனிப் பத்தியில் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை 103, கொலை முயற்சி 109, வரதட்சணைச் சாவு 80. பழைய 304 கொலையாகாத மரணம். புதிய 304 சங்கிலிப் பறிப்பு மாதிரியான பறிப்புக் குற்றம். பழைய 302 கொலை. புதிய 302-ஓ மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. பழைய வடிகட்டியை அப்படியே ஓட்டினால், மேடையில் வாய்விட்டவரெல்லாம் உங்கள் கொலைப் பட்டியலில் உட்கார்ந்திருப்பார்.