ஆங்கிலக் கட்டுரையை எண்களால் அளப்பது: கேள்வி பதில்

ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவோர் பலர், கணினி தரும் எண்களை வைத்துத் தங்கள் எழுத்தைத் திருத்திக்கொள்வது பற்றி என்னிடம் கேட்டிருந்தார்கள். வாக்கிய நீளம், சொல் எண்ணிக்கை, வாசிப்பு எளிமை என்று எண்கள் பல இருக்கின்றன. ஆங்கில எழுத்துப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், அவற்றில் எது உதவும், எது உதவாது என்று என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. மைக்ரோசாஃப்ட் வேர்டில் என் கட்டுரையைச் சோதித்தேன். ஃப்ளெஷ்-கின்கெய்ட் நிலை 6.2 என்று வந்தது. பட்டப்படிப்பு முடித்த நான் இன்னும் ஆறாம் வகுப்பு ஆங்கிலம்தான் எழுதுகிறேனா?

அப்படிப் பொருள் கொள்ளவே கூடாது. அந்த எண் எழுதியவரின் திறமையை அளப்பதில்லை. படிப்பவருக்கு அமெரிக்கப் பள்ளிக் கணக்கில் எத்தனையாம் வகுப்புப் படிப்பு இருந்தால் போதும் என்று மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். 1975இல் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிக் கையேடுகளுக்காக உருவான சூத்திரம் அது. சராசரியாக ஒரு வாக்கியத்தில் எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் எத்தனை அசைகள் (ஆங்கிலத்தில் ‘சிலபிள்’) என்ற இரண்டைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. உங்கள் வாக்கியத்தின் சொற்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி அடுக்குங்கள்; பொருளே இல்லாத அந்த வரிக்கும் அதே 6.2தான் வரும்.

பொது வாசகருக்கான கட்டுரையில் 6.2 வந்தது நல்ல சேதி. மகிழ்ச்சி அடையுங்கள்.

கேள்வி: ஃப்ளெஷ் வாசிப்பு எளிமை மதிப்பெண் 60க்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு 48தான் வருகிறது. எப்படி உயர்த்துவது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம் இது. முன்பு பார்த்த வகுப்பு நிலைக்கு மாறாக, இதில் எண் உயர உயரப் படிப்பது எளிது. அவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்ல என்பது நம் போன்றோருக்கு ஊக்கம் தர வேண்டிய செய்தி. 206.835 என்ற எண்ணிலிருந்து, வாக்கியத்தின் சராசரிச் சொற்களை 1.015ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு சொல்லின் சராசரி அசைகளை 84.6ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும்.

நூறு சொற்கள், ஐந்து வாக்கியங்கள், 150 அசைகள் கொண்ட ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் ஏறத்தாழ 60 வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டாக வெட்டினால் 70 ஆகும். வாக்கியங்களைத் தொடாமல் அசைகளை மட்டும் 150இலிருந்து 130ஆகக் குறைத்தால் 76ஐத் தாண்டிவிடும். ஆகவே கண்ட இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பதைவிடச் சொற்களைக் கவனிப்பதில் பலன் அதிகம். ‘யூட்டிலைஸ்’ என்று எழுதிய இடத்தில் ‘யூஸ்’ போதுமா? ‘அசிஸ்டன்ஸ்’ வேண்டுமா, ‘ஹெல்ப்’ போதுமா? பெரிய சொல்தான் பெரிய ஆங்கிலம் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் ஊறிக்கிடக்கிறது. அதைக் கலைக்க இந்த மதிப்பெண் நன்றாக உதவும்.

ஆனால் 60ஐத் தொடுவதற்காகவே ஒரு துறைச்சொல்லை எடுத்துவிட்டு வழவழவென்று வேறொன்றைப் போடாதீர்கள். அறிவியல் கட்டுரைக்கு 40 வந்தாலும் குற்றமில்லை.

கேள்வி: சொல்வளத்தை அளக்கத் தனிச்சொற்களை மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும் என்று படித்தேன். சின்னக் கட்டுரையில் 0.65 வந்தது, பெரிய கட்டுரையில் 0.45தான். நீளமாக எழுதும்போது என் சொல்வளம் குறைகிறதா?

இல்லை. அந்த அளவையின் இயல்பே அப்படி. ‘தி டாக் சா தி கேட் அண்ட் தி கேட் ரான்’ என்ற வரியில் ஒன்பது சொற்கள்; திரும்ப வருபவற்றை ஒருமுறை மட்டும் எண்ணினால் ஆறு. விகிதம் 0.67. கதை நீள நீள ‘தி’யும் ‘அண்ட்’டும் ‘கேட்’டும் மறுபடி மறுபடி வந்துகொண்டேதான் இருக்கும், விகிதம் சரியும். யார் எழுதினாலும் இதுதான் நடக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் 200 சொற்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

இதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. அதிகம் வந்த சொற்களின் பட்டியலை எடுத்து, இலக்கணச் சொற்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ‘குட்’ பதினோரு இடத்தில், ‘வெரி’ ஒன்பது இடத்தில் என்று வரும்போது எங்கே கைவைப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் கட்டுரையின் மையச் சொல் அடிக்கடி வருவது பிழையல்ல. தண்ணீரைப் பற்றிய கட்டுரையில் ‘வாட்டர்’ இருபது முறை வரட்டும், அதற்கு மாற்றுச்சொல் தேடி அலையாதீர்கள்.

கேள்வி: என் வாக்கியங்களின் சராசரி நீளம் 15 சொற்கள். நல்ல அளவுதானே? ஆனால் படித்தவர்கள் ‘சலிப்பாக இருக்கிறது’ என்கிறார்கள்.

சராசரி ஏமாற்றும். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அதன் சொல் எண்ணிக்கையைப் பென்சிலால் குறியுங்கள். 15, 14, 16, 15, 15 என்று வந்தால் சலிப்பின் காரணம் பிடிபட்டுவிட்டது. 6, 24, 11, 19, 15 என்று வந்தாலும் சராசரி அதே பதினைந்துதான். படிக்கும்போது இரண்டும் ஒன்றல்ல. கூடவே ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ‘ஐ, ஐ, இட், ஐ, ஐ’ என்று அந்த வரிசை இறங்கினால், வாக்கியங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

கேள்வி: எனக்குப் பெரிய தொல்லை ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’தான். பிறகு பிரிபொசிஷன். இதற்கெல்லாம் எண்கள் உதவுமா?

இங்கேதான் மிக அதிகமாக உதவும் என்பேன். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லாததால் அது விடுபட்டாலும் நம் காதுக்கு உறுத்துவதில்லை. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 1961இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டிய பிரவுன் உரைத்தொகுப்பில், நூறு சொற்களுக்கு ஏறத்தாழ ஏழு ‘தி’ இருக்கின்றன. உங்களுடைய 300 சொல் கட்டுரையில் ஐந்தோ ஆறோதான் இருக்கிறது என்றால் உட்கார்ந்து தேடுங்கள். ‘நான், என்’ என்று சொந்த அனுபவம் எழுதும்போது இயல்பாகவே குறையும்; அதனால் ஒரே வகைக் கட்டுரைகளை ஒப்பிடுவதுதான் நியாயம். எது விடுபட்டது என்று எண் சொல்லாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்பும் நின்று பார்த்தாக வேண்டும். ‘ஐ வென்ட் டு பேங்க்’ என்பதில் ஒன்று குறைகிறது. ‘தி நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்’ என்பதில் ஒன்று கூடுதல். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவ்விரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்துவிடும்.

பிரிபொசிஷனுக்குத் தொடரடைவு, அதாவது ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் பட்டியல், வேண்டும். ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கியது. இதுவரை எழுதிய கட்டுரைகளையெல்லாம் வெறும் உரைக் கோப்புகளாகச் சேமித்து அதில் ஏற்றி, ‘டிஸ்கஸ்’ என்று தேடுங்கள். அந்தச் சொல் நடுவில் நிற்க, முன்னும் பின்னும் நீங்கள் எழுதியவை வரிவரியாக விரியும். ‘டிஸ்கஸ் அபௌட் தி ப்ராப்ளம்’, ‘டிஸ்கஸ் அபௌட் மை ஃபியூச்சர்’, ‘டிஸ்கஸ் அபௌட் இட்’ என்று ஒரே பிழை வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. அடுத்து, நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட ‘கோக்கா’ அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் அதே சொல்லைத் தேடுங்கள். அங்கே ‘டிஸ்கஸ்’ஸை ஒட்டியே பெயர்ச்சொல் வருவது தெரியும். பிழையைச் சிவப்பு மையால் நான் சுழித்துக் காட்டுவதைவிட இது ஆழமாகப் பதிகிறது. ‘டூ எ மிஸ்டேக்’கா, ‘மேக் எ மிஸ்டேக்’கா என்ற ஐயத்தையும் இப்படியே தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டாம் பணியான கட்டுரைக்கு 350 சொற்கள் எழுதினால் மதிப்பெண் கூடுமா? இணைப்புச் சொற்கள் எத்தனை வேண்டும்?

குறைந்தது 250 சொற்கள் என்பதுதான் விதி. அதற்கு மேல் நீளத்துக்கென்று மதிப்பெண் இல்லை. 40 நிமிடத்தில் 350 எழுதிவிட்டுத் திருத்த நேரமில்லாமல் போவதைவிட, 270 எழுதித் திருத்துவது மேல். இணைப்புச் சொற்களுக்கும் இத்தனை என்ற கணக்கு கிடையாது. ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘இன் அடிஷன்’ மூன்றும் ஒரே பத்தியில் இருந்தால் இரண்டை எடுத்துவிட்டுப் படியுங்கள். பெரும்பாலும் எதுவும் குறையாது.

கேள்வி: கல்விசார் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து கட்டுரையில் நுழைக்கலாமா?

பட்டியல் நல்லது, நுழைப்பது நல்லதல்ல. ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அந்தப் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உண்டு. ஒவ்வொன்றும் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று தொடரடைவில் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. வகுப்பில் நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் இப்படிக் கணக்கிட நேரமில்லையே?

தனித்தனியாக வேண்டாம் அம்மா. தட்டச்சு செய்த கட்டுரைகள் இருந்தால் நாற்பதையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். அதில் ‘டிஸ்கஸ்’, ‘மேக்’, ‘டிபெண்ட்’ போன்ற இரண்டு மூன்று சொற்களுக்குத் தொடரடைவு எடுத்து, பெயர்களில்லாமல் அச்சிட்டுக் கொடுங்கள். எந்த வரி சரி, எது பிழை என்று மாணவர்களே விவாதிக்கட்டும். பிழை வகுப்புக்கே பொதுவானதாகத் தெரிவதால் எவரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. வாசிப்பு மதிப்பெண்ணை மட்டும் தயவுசெய்து தரப்பட்டியலாக ஒட்டிவிடாதீர்கள். அப்படி ஒட்டினால் பிள்ளைகள் சூத்திரத்துக்காக எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை, கைப்பேசிதான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

எழுதும் செயலியில் உள்ள தேடல் பெட்டி போதும். ‘வெரி’ என்று தேடினால் எத்தனை இடங்கள் என்று பெரும்பாலான செயலிகள் காட்டிவிடும். இந்த மாதம் ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு ஆர்ட்டிகிள் தொல்லை என்றால் ‘தி’. எழுதும்போது அதை நினைக்க வேண்டாம். எழுதி முடித்து மறுநாள் எண்ணுங்கள், திருத்துங்கள், தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த மாதம் வேறு எண்ணுக்குப் போகலாம்.